அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க

சியாயி நகரின் கிழக்கு ஓரத்தில், மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம் இருந்தது. லியாவ் சூ-யுன் அங்கே நெடுநாளாக உளவியல் நடத்தி வந்தாள். நல்ல ஆசிரியை என்று பெயர். காலை எட்டு மணிப் புள்ளியியல் வகுப்பில்கூட அவளிடம் விழித்திருக்கிற மாணவர்கள் பாதிப் பேர் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வு என்று எடுத்தால், முனைவர் பட்டத்துக்கு எழுதியதோடு சரி. வாரத்துக்கு ஐந்து பாடம், மாணவர் சேர்க்கைக்குப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவது, நடுவில் கல்யாணம், குழந்தை. யாரும் அவளிடம் ஆய்வைக் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அவள் கணவன் சிங்-ஹுய் கால்நடை மருத்துவன். அவனுடைய பெரியப்பா மகள் கல்யாண விருந்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வட்ட மேசையில் மீன் வந்து இறங்கிய நேரம். எதிரே இருந்த அத்தை ஒருத்தி சூ-யுன்னின் ஏழு வயது மகள் லீ-ஆனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"இவதானே நீச்சல்ல முதல் பரிசு வாங்கினவ? என்ன சூட்டிகையான பொண்ணு!"

சூ-யுன் யோசிக்கவே இல்லை. தும்மல் வருவதுபோல வாயில் வந்துவிட்டது. "அட, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு நல்லா நீந்தற பிள்ளைங்க எதுவும் வரல போல. இவ சோத்துக்குத்தான் முதல் ஆளா ஓடுவா."

மேசையே சிரித்தது. அத்தைக்கும் திருப்தி. இனி அவள் தன் பேரனைத் திட்டலாம், சூ-யுன் அவனைப் புகழலாம். முறை அதுதானே.

திரும்பும் வழியில், ஸ்கூட்டரில் அம்மாவின் கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த லீ-ஆன், சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள்:

"அம்மா, நீ அத்தைகிட்ட சொன்னது நெசமா, பொய்யா?"

"எது கண்ணு?"

"நல்லா நீந்தறவங்க வரலன்னு."

"பொய்தான். சும்மா, ஒரு மரியாதைக்கு."

"அப்போ அன்னைக்கு நீ கை தட்டுனது?"

சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சூ-யுன் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டில் சிங்-ஹுய்யிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "எங்கம்மா ஊர் முழுக்க என்னைப் பத்திச் சொன்னதுக்கு, நான் பள்ளிக்கூடத்தையே தாண்டியிருக்கக் கூடாது. நீ வேற!"

ஆனாலும் மனத்தில் விழுந்த முள் அங்கேயே இருந்தது. மறுவாரம் நூலகத் தளத்தில் தேடிப் பார்த்தாள். புகழ்ச்சியைப் பெரியவர்கள் எப்படித் தட்டிக் கழிக்கிறார்கள் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கிறது என்று அவள் தேடியவரையில் யாரும் நேராகக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த அறைக்காரர் பெங் சீ-வென்னிடம் போனாள். பெங் புள்ளியியல்காரர். தனிக்கட்டை, எப்போது பார்த்தாலும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். எள் தூவிய சதுர பிஸ்கட்டைக் கடித்தபடியே முழுக்கதையும் கேட்டார்.

"கேள்வி நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா நீ பதிலை முன்னாடியே முடிவு பண்ணிட்ட. பிள்ளை மனசு உடையும்னு."

"உடையாதா பின்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? அதைத்தானே பாக்கணும்."

இப்படியாக இரண்டு பேரும் திட்டம் போட உட்கார்ந்தார்கள். திட்டம் எளிமையானதுதான். ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டம், பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு படம் வரையும். சுவரில் ஐந்து படி வைத்த மர ஏணி ஒன்று சாய்த்திருக்கும். 'உன் படம் எவ்வளவு நல்லா வந்திருக்குன்னு நினைக்கிற? அந்தப் படியில மாட்டு' என்று சொல்ல வேண்டியது. பிறகு வெளியாள் ஒருவர் தற்செயலாக வருவதுபோல வந்து படத்தைப் புகழ்வார். பாதிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். மீதிப் பாதிக்கு அடுத்த அறையில் இருப்பார்கள். யார் எதில் என்பது சீட்டுக் குலுக்கி. எல்லாம் முடிந்ததும் பிள்ளை படத்தை இன்னொரு தடவை ஏணியில் மாட்ட வேண்டும். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, அவ்வளவுதான் கணக்கு.

ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவில்தான் முதல் முட்டுக்கட்டை. குழுவில் இருந்த சட்டப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "பெத்தவங்களை வரவழைச்சு, அவங்க வாயாலயே பிள்ளையைத் தாழ்த்திப் பேச வைக்கப் போறீங்க. அப்படித்தானே?"

"நாங்க எதையும் பேச வைக்கலைங்க. புகழறது மட்டுந்தான் எங்க வேலை. மத்தது தானா வரும்."

குழுவில் இருந்த ஐந்து பேரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் சட்டப் பேராசிரியை விடவில்லை. அவர் சொன்ன நிபந்தனை ஆய்வையே மாற்றியது: பிள்ளை வீட்டுக்குப் போவதற்கு முன், பெற்றவர் அதே அறையில், அந்தப் படத்தைப் பற்றித் தன் மனத்தில் உண்மையில் நினைத்ததைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சூ-யுன்னுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. இப்படி ஒரு வரி தன் புத்திக்கு எட்டவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அனுமதி வந்ததும் பெங் இன்னொன்றில் பிடிவாதமாக நின்றார். எதை எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்குப் பார்ப்போம் என்பதை முன்கூட்டியே தேதி போட்டு இணையத்தில் பதிந்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. சூ-யுன் பதிந்தாள்: 'பெற்றோர் மறுத்துப் பேசுவதைக் கேட்ட பிள்ளைகள், எந்த வயதானாலும், தங்கள் படத்தைக் கீழ்ப்படிக்கு இறக்குவார்கள்.'

"கல்லுல வெட்டியாச்சு," என்றார் பெங். "நாளைக்கு அழுதாலும் அழியாது."

புகழ்வதற்கு ஆள் வேண்டுமே? சூ-யுன்னின் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் வெய் அக்கா இருந்தார். முப்பது வருடம் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் நான்கு பேரைப் புகழ்ந்துவிடுவார். அதில் ஒன்றுகூடப் பொய்போல இருக்காது. கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியத்தைப் படித்துப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"'இந்தப் படம் நல்லாருக்கு. கவனமா வரைஞ்சிருக்க. எனக்குப் பிடிச்சிருக்கு.' என்ன டீச்சர் இது, மருந்துச் சீட்டு மாதிரி? இதை வச்சு ஒரு பாலிசி விக்க முடியுமா?"

"விக்க வேண்டாம் அக்கா. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சொல்லணும். ஒரு சொல் கூடக் குறைய வந்தாலும் கணக்கு கெட்டுரும்."

"கண்ணு விரியலாமா?"

சூ-யுன் பெங்கைப் பார்த்தாள். "விரியலாம்," என்றார் பெங், "எல்லாருக்கும் ஒரே அளவு விரிஞ்சா."

சனிக்கிழமைகளில் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. சூ-யுன்னும் பெங்கும் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே மேற்படிப்பு மாணவி ஒருத்தி பிள்ளையைக் கவனித்துக்கொள்வாள். வெய் அக்கா கையில் காகிதக் கட்டோடு நுழைவார், படத்தைப் பார்ப்பார், கண்கள் விரியும், மூன்று வாக்கியம் சொல்வார். அதோடு மடை திறந்துவிடும்.

"ஐயோ, இது ஏதோ கிறுக்கிருக்கான்."

"நீங்க வேற, இவ அக்கா வரையறதைப் பாத்திருக்கணும்."

"படமா இது? எங்க நாய் வாலை மையில முக்கி விட்டா இதைவிட நல்லா வரும்."

ஒரே ஒரு இளம் தகப்பன் மட்டும் "ரொம்ப நன்றிங்க, எனக்கும் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் பெங்குக்கு வாயிலிருந்த பிஸ்கட் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சின்னப் பிள்ளைகள் சூ-யுன் நினைத்தபடியே செய்தார்கள். ஒரு சிறுமி நான்காம் படியில் மாட்டியிருந்த படத்தை எடுத்து இரண்டாம் படியில் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், சரிதானே என்பதுபோல. கண்ணாடிக்குப் பின்னால் சூ-யுன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். நல்லவேளை, சட்டப் பேராசிரியையின் நிபந்தனை இருந்தது. கடைசியில் சூ-யுன் உள்ளே போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும், அந்த அம்மா மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஜன்னல்ல பூனை உக்காந்திருக்கே, அது எவ்வளவு அழகு தெரியுமா? அம்மா சும்மா சொன்னேன்டி" என்றாள். சிறுமி இறங்கிப்போய் படத்தை ஐந்தாம் படியில் மாட்டிவிட்டு வந்தாள். அந்தக் கடைசி மாற்றம் கணக்கில் சேராது. ஆனாலும் அன்று முழுக்க சூ-யுன் உற்சாகமாக இருந்தாள்.

இடையில் வெய் அக்கா ஒரு காரியம் செய்துவிட்டார். காது கேட்கும் கருவி மாட்டிய சிறுவன் ஒருவன் ரயில்நிலையம் முழுவதையும் வரைந்திருந்தான், தண்டவாளம், கடிகாரம், சாப்பாட்டுப் பெட்டி விற்கிற ஆள் உட்பட. அதைப் பார்த்ததும் அவருக்கு மூன்று வாக்கியம் மறந்துபோயிற்று. "அட சாமி! இது கையா, இல்ல கேமராவா? இதைச் சட்டம் போட்டு மாட்டணும்!" என்று கையைத் தட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் அவரே முந்திக்கொண்டார். "திட்டுங்க டீச்சர். தெரிஞ்சுதான் செஞ்சேன். அதைப் பாத்துட்டு மருந்துச் சீட்டு வாசிக்க என்னால முடியல."

சூ-யுன் திட்டவில்லை. அந்தப் பிள்ளையின் கணக்கை நீக்கிவிட்டு, நீக்கியதற்குக் காரணத்தையும் எழுதி வைத்தாள். அந்தப் படத்தை அவளும் நெடுநேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பெரிய பிள்ளைகளிடம்தான் விஷயம் புரண்டது. மலைமேல் தேயிலை போடுகிற காவ் என்பவர் தன் பதினோரு வயது மகன் மிங்-யானைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் தேயிலைச் சரிவை வரைந்து மூன்றாம் படியில் மாட்டியிருந்தான். வெய் அக்கா புகழ்ந்ததும் காவ் கையை வீசினார்.

"நீங்க அவன் தலையில ஐஸ் வைக்காதீங்க. இவனுக்கு இருக்கறது கையில்ல, எருமைக் குளம்பு. செடியெல்லாம் முட்டைக்கோசு மாதிரி இருக்கு பாருங்க."

மறுபடி மாட்டச் சொன்னதும், பையன் மூன்றாம் படியிலிருந்து படத்தை எடுத்து நிதானமாக ஐந்தாம் படியில் மாட்டினான்.

"தப்பா மாட்டிட்டானோ?" என்றாள் சூ-யுன்.

"பதினோரு வயசுப் பையனுக்கு மேலெது கீழெது தெரியாதா?" என்றார் பெங்.

எல்லாம் முடிந்து விளக்கம் சொல்லப் போனபோது சூ-யுன் பையனிடமே கேட்டாள். "அப்பா அப்படிச் சொன்னாரே, நீ ஏன் மேல மாட்டின?"

பையன், இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவளைப் பார்த்தான். "அப்பா வெளியாளுங்ககிட்ட எதைத் திட்றாரோ அது நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். எங்க தேயிலை பரிசு வாங்குன வருசம், 'இது வைக்கோலு, குடிக்காதீங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. நல்லா இல்லேன்னா ஒண்ணும் சொல்லமாட்டாரு. 'டீ குடிங்க'ம்பாரு."

காவின் காது சிவந்துவிட்டது. இப்போது அவர் உண்மையைச் சொல்ல வேண்டிய முறை. மகனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார். "இருக்கு... அதாவது, நல்லாத்தான் இருக்கு. அந்தச் சரிவு அப்படியேதான் இருக்கு." சொல்லிவிட்டு, மலையேறி வந்தவர்போல மூச்சு வாங்கினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

எண்களும் அதையேதான் சொல்லின. சின்னப் பிள்ளைகள் இறங்கினார்கள். பெரிய பிள்ளைகள் இறங்கவில்லை, பலர் ஏறியிருந்தார்கள். பெற்றவர் இல்லாத அறையில் வெறும் புகழ்ச்சியைக் கேட்ட பெரிய பிள்ளைகளைவிடவும் இவர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தார்கள். 'எந்த வயதானாலும்' என்று சூ-யுன் பதிந்து வைத்த வாக்கியம் அப்படியே கவிழ்ந்து கிடந்தது.

பெங் திரையை அவள் பக்கம் திருப்பினார். "வயசு வித்தியாசத்தை மொதல்லயே நினைச்சோம்னு எழுதிட்டா கட்டுரை பளபளன்னு இருக்கும். ஆசையா இருக்கா?"

"இருக்கு," என்றாள் சூ-யுன். "ஆனா கல்லுல வெட்டிட்டீங்களே."

"அதுக்குத்தானே வெட்டுனது."

தோற்றுப்போன எதிர்பார்ப்பை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஆனால் தற்செயலாகக் கண்ணில் பட்டதை முடிவு என்று சொல்ல முடியாதே. மறுபடி ஒரு தடவை, புதுப் பிள்ளைகளிடம் பார்க்க வேண்டும். வயது வித்தியாசத்தைப் புதிதாகப் பதிந்துவைத்துவிட்டு, அடுத்த வருடம் பக்கத்து மாவட்டமான யுன்லின் பள்ளிகளில் ஏணியோடு இறங்கினார்கள். இந்தத் தடவை மிங்-யானின் புண்ணியத்தில் ஒரு கேள்வியும் சேர்ந்திருந்தது: 'அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?' வெய் அக்காவும் கூடவே வந்தார். அங்கே அவர் ஒரு சொல்கூட மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியை விட்டுக் கிளம்பும்போதும், எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, தலைமையாசிரியர் முதல் வாயிற்காவலர்வரை ஆசை தீரப் புகழ்ந்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இரண்டாம் தடவையும் அதே முடிவு வந்தது. 'மரியாதைக்குச் சொன்னாங்க', 'பெருமை அடிக்கக் கூடாதுல்ல' என்று காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைகளின் படம் கீழே இறங்கவில்லை. 'நெசமாவே நல்லா இல்ல போல' என்ற பிள்ளைகளின் படம் இறங்கியது. அந்த எண்களை வரைபடமாகப் பெங் அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தபோது சூ-யுன் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிளாஸ் தேநீர் குடித்தாள். தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததில் இத்தனை மகிழ்ச்சி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்குள் லீ-ஆனுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சூ-யுன் அவளிடம் சொன்னாள், "அன்னைக்கு நீ சிக்னல்ல கேட்டியே, அதுக்கு இப்பத்தான் பாதி பதில் கிடைச்சிருக்கு."

"எந்தச் சிக்னல்?" என்றாள் லீ-ஆன். அவளுக்கு நினைவே இல்லை. வான்கோழிச் சோற்றில் இன்னும் கொஞ்சம் வெங்காயம் கேட்டாள்.

எழுதுவதற்கு ஒரு கோடைக்காலம் முழுதும் ஆயிற்று. முதலில் அனுப்பிய ஆய்விதழ் வந்த வேகத்தில் திருப்பி அனுப்பியது: ஒரே ஒரு பண்பாட்டுக்கு மட்டும் உரிய விஷயம், பொது வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது. பெங் இரண்டு நாள் எதையும் மெல்லவில்லை. மூன்றாம் நாள் அன்னாசிக் கேக் பெட்டியோடு வந்தார்.

"அவங்க ஊரு பிள்ளைங்க மட்டும் பொதுப் பிள்ளைங்களாக்கும்?"

"விடுங்க, சீ-வென். இதழுக்கா பஞ்சம்?"

இரண்டாவது இதழ் கட்டுரையை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியது. ஒருவர் பாராட்டியிருந்தார். மற்றவர் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டிருந்தார். அதில் ஒன்று: 'இந்தப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகள்மேல் உண்மையிலேயே வெறுப்பு இல்லை என்பதை ஆய்வாளர்கள் எப்படி உறுதி செய்தார்கள்?'

பெங் அதை இரண்டு தடவை வாசித்தார். "இந்த ஆளை அவங்கம்மா புகழ்ந்தே வளர்த்துட்டாங்க போல."

சூ-யுன் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்று தெரிந்தது. அவளிடம் பதில் இருந்தது: ஆய்வு முடிவில் பெற்றவர்கள் பிள்ளையின் முகம் பார்த்துச் சொன்ன உண்மைகள் எல்லாம் ஒலிப்பதிவில் இருந்தன. முன்பு மறுத்துப் பேசிய பெற்றோரில் எத்தனை பேர் பிறகு மனமாரப் பாராட்டினார்கள் என்று, ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத இரண்டு பேரைக் கேட்கவைத்து எண்ணிச் சேர்த்தாள். ஏறக்குறைய எல்லோரும். அந்தப் பகுதிதான் கட்டுரையிலேயே சிறந்த பகுதி என்று பிறகு இதழின் ஆசிரியர் குழு எழுதியது. சட்டப் பேராசிரியைக்கு நன்றி சொல்லும் வரியை சூ-யுன் தன் கையால் இன்னும் கொஞ்சம் நீளமாக்கினாள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்ட செய்தி வந்தபோது அவள் மாணவர் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடியில் கைபேசியைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த மாணவனைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்துவிட்டாள். பாவம், அந்தப் பையன் தனக்குத்தான் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். கிடைக்கவும் செய்தது.

கட்டுரை வெளிவந்ததும் கலந்துகொண்ட குடும்பங்களையெல்லாம் அழைத்து முடிவைச் சொன்னாள். அது அவள் தொடக்கத்திலேயே கொடுத்திருந்த வாக்கு. ஒரு ஞாயிறு மதியம், சியாயியில் தொடக்கப்பள்ளி ஒன்றின் உணவுக்கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. எண்களை அவள் படமாகப் போட்டுக் காட்டினாள். யாருடைய பிள்ளை எந்தப் படி என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தங்கள் பிள்ளை எது என்று தெரிந்திருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினாள். "அப்போ டீச்சர், இனிமே யாராச்சும் புகழ்ந்தா நாங்க என்ன சொல்லணும்?"

"அதை நாங்க ஆராயலைங்க," என்றாள் சூ-யுன். "சின்னப் பிள்ளைங்களுக்கு அது சும்மா பேச்சுன்னு தெரியறதில்ல. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போற வழியில நெசத்தைச் சொன்னா என்ன ஆகும்னு இனிமேதான் பாக்கணும். சொல்லிப் பாருங்களேன்."

"வண்டியில போறப்போ சொன்னா முகத்தைப் பாக்க வேண்டியதில்ல," என்றார் பின்வரிசையிலிருந்து காவ். "அது சுலபம்."

கூடம் கலகலத்தது. அதற்கு மேல் ஆய்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டிகள் பிரிந்தன. காவ் மலையிலிருந்து கொண்டுவந்த தேயிலையைப் பெரிய கெட்டிலில் போட்டு எல்லோருக்கும் ஊற்றினார். மிங்-யான் இப்போது அப்பாவின் தோள் உயரத்துக்கு வந்திருந்தான். பெங் யாருடைய பெட்டியிலிருந்தோ மூன்றாவது கொழுக்கட்டையை எடுத்துத் தின்றபடி, வழியில் உண்மையைச் சொல்கிற ஆய்வுக்கு எத்தனை குடும்பம் தேவைப்படும் என்று ஒரு தாள் கைக்குட்டையில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வெய் அக்கா சமையல்கார அம்மாவிடம் முட்டைக்கோசுப் பொரியலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

சூ-யுன் காலி நாற்காலி ஒன்றைப் பெங்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. யாரும் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. அவள் கைக்குட்டையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இவ்வளவு குடும்பம் வேணுமா?"

"குறைஞ்சது," என்றார் பெங்.

"சரி," என்றாள் சூ-யுன், "யுன்லின்ல இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் பாக்கி இருக்கு."